மிலானிலிருந்து மிலானுக்கு

பங்சார்,
12.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உஷாராணி எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் வீட்டில் எல்லோரும் சுகம். இவருக்கு மட்டும் தீபாவளிக்குப் பிறகு நெஞ்சில் அடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். இப்போது பழையபடி கோர்ட்டுக்குப் போய் வருகிறார். உங்கள் கால் வீக்கம் இறங்கிவிட்டதா?

ஐந்து வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். அப்பா இறந்த அன்று அவர் படத்துக்கு முன்னால் நான் செய்த சத்தியத்தை மீறவில்லை. உங்களோடு பேசமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். பிரிக்பீல்ட்ஸ் கோயில் குருக்களிடம் கேட்டேன். கடிதம் பேச்சில் சேராது என்றார். போனும் வாட்ஸ்அப்பும் சேருமாம். நீல டிக் விழுந்தால் முகத்துக்கு முகம் பார்த்த மாதிரிதானாம். அதனால்தான் தபால். அன்று நீங்கள் இவரைக் காட்டி, "பொணம் தூக்குற நேரத்துக்குக் கூலிங் கிளாஸ் போட்டுட்டு வராரு பாரு வக்கீலு" என்று ஊரே கேட்கச் சொன்னதை இவர் எப்போதோ மறந்துவிட்டார். பெரிய மனசு.

நல்ல செய்தி. விஷ்ணுப்ரியாவுக்குக் கல்யாணம். அவள் வேலை பார்க்கும் லிஸ்பனில்தான், போர்த்துகல் நாட்டில். ஜூன் ஒன்பதாம் தேதி, காலை முகூர்த்தம். பையன் தர்ஷன், பெட்டாலிங் ஜெயாவில் பெரிய டாக்டர் குடும்பம். பழத்தோட்டத்துக்கு நடுவில் ஒரு பழைய பங்களா பிடித்திருக்கிறோம். லண்டனிலிருந்து குருக்கள் வருகிறார்.

தாய்மாமன் மாலை போட்டு மணவறைக்கு அழைத்து வராவிட்டால் ஏறவேமாட்டேன் என்று பெண் அடம் பிடிக்கிறாள். நாங்கள் லண்டனில் சட்டம் படித்த நாலு வருடமும் உங்கள் வீட்டில் கிடந்தவள் அல்லவா, அந்தப் பழக்கம். நீங்கள் வந்தே ஆக வேண்டும். டிக்கெட் என் பொறுப்பு.

இப்படிக்கு,
உஷாராணி வேலாயுதம்


கிள்ளான்,
19.2.2024

அன்புத் தங்கை உஷாவுக்கு,

கால் வீக்கம் காலையில் இறங்குகிறது, சாயங்காலம் ஏறுகிறது. துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேனில் தொங்கவிட்ட கால், இப்போது கணக்குக் கேட்கிறது. மாப்பிள்ளைக்கு நெஞ்சு அடைத்ததை ஊரில் எவனும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சத்தியத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பேன். உப்பைக் குறைக்கச் சொல். கோபத்தையும்.

உறையில் உன் எழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று பயந்துபோனேன். நம் குடும்பத்தில் பேச்சு விட்டுப்போனவர்கள் சாவுக்குத்தானே எழுதுவார்கள். பிரித்தால் கல்யாணம்! குருக்களின் தீர்ப்பு பிரமாதம். அவரை நம் ஹைக்கோர்ட்டில் உட்கார வைக்கலாம்.

நான் வராமல் வேறு யார் வருவது? உன் அண்ணி மலர்விழி சாகப் போகும் முன்பு என்னிடம் கேட்டது ஒன்றுதான். "விஷ்ணு கல்யாணத்துக்கு மாமன் சேலை அரக்குல எடுங்க. பச்சை அவளுக்கு எடுக்காது." நேற்றே கிள்ளான் லிட்டில் இந்தியாவில் நாலு கடை ஏறி இறங்கி அரக்குப் பட்டு எடுத்துவிட்டேன். முந்தானையில் மயில். கடைக்காரப் பெண் தன் தோளில் போட்டுக் காட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவள் பயந்துவிட்டாள்.

டிக்கெட்டை நானே எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் போகும் விமானத்தின் பெயரை மட்டும் எழுது. உங்கள் பின்னாலேயே வந்துவிடுவேன். வாயைத் திறக்கமாட்டேன், நீ சத்தியத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

அன்பு அண்ணன்,
கமலநாதன்


பங்சார்,
8.4.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே சுகம். இவர் காலையில் பார்க்கில் நடக்கிறார். உங்களையும் நடக்கச் சொல்லச் சொன்னார்.

பதில் தாமதமாகிவிட்டது. கல்யாண வேலை. எங்கள் விமானத்தில் இடம் முடிந்துவிட்டது. அதனால் பிரிக்பீல்ட்ஸ் டிக்கெட் கடையில் சொல்லி உங்களுக்குத் தனியாகப் போட்டுவிட்டேன். தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். கோலாலம்பூரில் ஏறி அபுதாபி. அங்கிருந்து ஹங்கேரியில் புடாபெஸ்ட். அடுத்து இத்தாலியில் மிலான். மிலானிலிருந்து லிஸ்பன். முதல் நாள் இரவே வந்து சேர்ந்துவிடுவீர்கள். இந்த வயதில் ஒரே டிக்கெட்டில் இத்தனை நாடு பார்க்க யாருக்குக் கொடுத்து வைக்கும்?

எல்லாம் மலிவு விமானம்தான், ஆனால் சுத்தமாக இருக்கும். பெட்டி கிடையாது, கையில் ஒரு சின்னப் பை மட்டும். ஒவ்வொரு ஊரிலும் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருக்கும் நேரம் உடம்புக்கு நல்லது. காலை நீட்டி உட்காரலாம். போனுக்கு ரோமிங் போட்டுக் காசைக் கரியாக்க வேண்டாம். லிஸ்பனில் இறங்கியதும் உங்கள் பெயர் எழுதிய அட்டையோடு ஆள் நிற்பார்.

பயணம் நல்லபடியாக அமையும்.

இப்படிக்கு,
உஷாராணி வேலாயுதம்


கிள்ளான்,
2.5.2024

அன்புத் தங்கை உஷாவுக்கு,

மாப்பிள்ளை நடப்பது சந்தோஷம். நானும் நடக்கிறேன், கறிக்கடை வரைக்கும்.

தாள்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். அச்சு எறும்பு மாதிரி ஊர்கிறது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு சட்டம். ஒருத்தன் பை நாற்பது சென்டிமீட்டர் என்கிறான், இன்னொருத்தன் சக்கரத்தையும் சேர்த்து அளப்பேன் என்கிறான். எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்து அச்சடிக்க வேண்டியதை எல்லாம் அச்சடித்துக்கொண்டேன். சேலைப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சேலையை மட்டும் மடித்து வைத்தால் பை மூடுகிறது. இரண்டு வேட்டியை இடுப்பிலேயே கட்டிக்கொள்வதாக இருக்கிறேன்.

ஒன்றுதான் உறுத்துகிறது. மிலானில் இறங்குவதற்கும் மிலானில் ஏறுவதற்கும் நடுவில் இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. இறங்கும் இடத்துக்கு நேரே ஒரு பெயர், ஏறும் இடத்துக்கு நேரே வேறு பெயர். ஒன்று பெர்காமோ, ஒன்று மல்பென்சா. இரண்டும் ஒரே ஏர்போர்ட்தானா? அந்தக் கடைசி விமானத்தை விட்டால் முகூர்த்தத்துக்கு வர வழியே இல்லை, உஷா. கொஞ்சம் விசாரித்து எழுது.

அன்பு அண்ணன்,
கமலநாதன்


பங்சார்,
4.5.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம், சுகமே அங்கும் இருக்கட்டும். உங்கள் கடிதம் கிடைத்த கையோடு எழுதுகிறேன்.

மிலான் என்றால் மிலான்தான். கிள்ளானும் கிள்ளான் துறைமுகமும் மாதிரி, பக்கத்தில் பக்கத்தில். இறங்கி நடந்தால் அடுத்த விமானம். வீணாக யார் யாரையோ கேட்டுக் குழம்பாதீர்கள். விஷ்ணுவிடமும் இதையெல்லாம் கேட்டுத் தொல்லை கொடுக்க வேண்டாம். மணப்பெண், முகம் வாடக்கூடாது.

இப்படிக்கு,
உஷாராணி வேலாயுதம்


லிஸ்பன்,
10.6.2024

அன்புத் தங்கை உஷாவுக்கு,

மன்னித்துவிடு. முதலில் அதை எழுதிவிடுகிறேன், பிறகு சுகம் விசாரிக்கிறேன். மன்னித்துவிடு அம்மா. என் ஒருத்தன் மண்டைக் கோளாறால் உன் பெண் மணவறையில் மாமன் இல்லாமல் நின்றுவிட்டாள்.

அபுதாபி வரைக்கும் ராஜ பயணம். புடாபெஸ்டில்தான் பிடித்தது சனி. ஐரோப்பாக்காரன் அல்லாதவர்கள் கையில் இருக்கும் தாளில் ஒரு முத்திரை வாங்க வேண்டுமாம். அதற்கு ஒரு வரிசை. அது நகர்ந்து முடிந்தால் பையை அளக்க இன்னொரு வரிசை. கம்பியால் ஒரு கூண்டு செய்து வைத்திருக்கிறார்கள். பை அதற்குள் முழுசாக இறங்க வேண்டும். என்னுடையது கழுத்து வரைக்கும் இறங்கி நின்றுகொண்டது. அந்தப் பெண் பிள்ளை முகத்தைப் பார்க்காமலே, காசைக் கட்டு, இல்லாவிட்டால் பையை விட்டுவிட்டுப் போ என்றாள். கார்டைக் கொடுத்தேன், அவள் மிஷின் என் கார்டை ஏற்றுக்கொள்ளவில்லை. நம் ஊர் ரிங்கிட் நோட்டை நீட்டினேன், சிரித்தாள்.

என்ன செய்தேன் தெரியுமா? சேலையை வெளியே எடுத்தேன். தலையில் பரிவட்டம் மாதிரி ஒரு சுற்று, கழுத்தில் ஒரு சுற்று, மீதியைத் தோளில் போட்டு இடுப்பில் சொருகிக்கொண்டேன். பை கூண்டுக்குள் சர்ரென்று இறங்கியது. உடுத்தியிருப்பதற்குக் காசு இல்லையே! வரிசையில் நின்ற வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். கிள்ளான் கிரேன்காரன் அரக்குப் பட்டில் கோயில் தர்மகர்த்தா மாதிரி விமானம் ஏறினேன். விஷ்ணுவிடம் சொன்னால் வயிறு வலிக்கச் சிரிப்பாள் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டே வந்தேன்.

மிலானில் இறங்கினேன். நீ சொன்னபடி நடந்தேன். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்தேன். லிஸ்பன் என்ற பேரே பலகையில் இல்லை. கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த ஒரு வங்காளிப் பையன்தான் என் தாளை வாங்கிப் பார்த்தான்.

"அங்கிள், இது பெர்காமோ. உங்க பிளேன் மல்பென்சாவுல. அது நகரத்துக்கு அந்தப் பக்கம். பஸ்ஸுல போகணும்."

"நடந்து போக முடியாதா தம்பி?"

அவன் சிரிக்கவில்லை. என் பையைப் பிடுங்கிக்கொண்டு பஸ் வரைக்கும் ஓடினான். நானும் இந்தக் காலை வைத்துக்கொண்டு ஓடினேன். சனிக்கிழமை சாயங்காலம், நெடுஞ்சாலை அடைத்துக்கொண்டு நின்றது. நம் பெடரல் ஹைவே தோற்றது. மல்பென்சாவில் நான் வாசலைத் தொடும்போது கதவை அடைத்துவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நிற்கிறது, இந்தப் பக்கம் நான். கையெடுத்துக் கும்பிட்டேன். கல்யாணம் என்றேன், மருமகள் என்றேன், சேலையைக் காட்டினேன். அது என் வேலை இல்லை என்றான். மறுநாள் காலை விமானம் எல்லாம் நிரம்பிவிட்டது. சாயங்காலம்தான் இடம் கிடைத்தது.

ஏர்போர்ட் இணையத்தைப் பிடித்து விஷ்ணுவுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். "மாமா மிலான்ல மாட்டிக்கிட்டேன், யாரையாவது அனுப்ப முடியுமா, முகூர்த்தத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா" என்று. உடனே நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. மணப்பெண் கையில் போன் இருந்திருக்காது, உன்னிடம்தான் இருந்திருக்கும். கூட்டத்தில் கவனித்திருக்கமாட்டாய்.

நேற்று முகூர்த்த நேரத்தில் மிலான் ஏர்போர்ட் நாற்காலியில் உட்கார்ந்து, சேலையை மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள்ளேயே அவளுக்கு மாலை போட்டேன். இன்று காலை பங்களாவைத் தேடிப் பிடித்தேன். எல்லோரும் கிளம்பிவிட்டீர்களாம். வாசலில் போட்ட கோலத்தை ஒருத்தன் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துத் தண்ணீரை நிறுத்தினான், நான் நகர்ந்ததும் திறந்துவிட்டான்.

சேலை கசங்கவில்லை. பிள்ளையிடம் நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று மட்டும் சொல்லு. மாப்பிள்ளைக்கு இந்த அலைச்சல் ஒத்துக்கொண்டதா?

அன்பு அண்ணன்,
கமலநாதன்


பங்சார்,
22.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் ஸ்பெயின் எல்லாம் சுற்றிவிட்டுப் போன வாரம்தான் வந்தோம். இவருக்குக் களைப்புத்தான், வேறு ஒன்றுமில்லை. உங்கள் கடிதம் வந்து கிடந்தது.

நடந்தது நடந்துவிட்டது. உங்கள் மேல் யாருக்கும் கோபம் இல்லை. வயதானவர்களுக்குப் பயணம் பழக்கமில்லை என்று விஷ்ணுவிடம் எடுத்துச் சொல்லிவிட்டேன். கொஞ்சம் அழுதாள். அலங்காரக்காரப் பெண் திருத்திவிட்டாள். முகூர்த்தம் தவறக்கூடாது என்று இவருடைய பார்ட்னர் ஜெயராஜ் தாய்மாமன் இடத்தில் நின்று மாலை போட்டு அழைத்து வந்தார். சம்பந்தி வீட்டில் எல்லோருக்கும் அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. அதுவும் ஒரு நன்மை.

அவளுடைய போனை நான் பார்க்கவே இல்லை. இப்போதைக்கு அவளைக் கூப்பிட வேண்டாம். புதுக் குடித்தனம். ஆறின பிறகு அவளே கூப்பிடுவாள்.

ஞாபகத்துக்கு ஒரு போட்டோ வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உஷாராணி வேலாயுதம்


கிள்ளான்,
30.8.2024

உஷா,

இங்கே கால் வீக்கம் முழங்கால் வரை ஏறியிருக்கிறது. மாப்பிள்ளை சுகமாக இருக்கட்டும். அவரோடு எனக்கு இதில் வழக்கு இல்லை.

போட்டோவைப் பூஜை அறையில் வைத்து ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையின் முகத்தை மட்டும்தான் பார்த்தேன். போன வெள்ளிக்கிழமைதான் பக்கத்தில் நிற்கும் ஜெயராஜைப் பார்த்தேன். நீ, மாப்பிள்ளை, ஜெயராஜ், மூன்று பேருக்கும் ஒரே துணி. மயில் கழுத்து நிறம், ஒரே ஜரிகை. அவருடைய ஜிப்பா தோளில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நான் வராமல் போனது உனக்கு முதல் நாள் ராத்திரிதான் தெரிந்திருக்கும். லிஸ்பனில் எந்தத் தையல்காரர், உஷா, விடிவதற்குள் தைத்துக் கொடுத்தார்?

சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் போனேன். டிக்கெட் கடையில் ஹுமைரா என்று ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறது. என் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டது.

"அங்கிள், நீங்களா அது? நான் அப்பவே சொன்னேன் லா. ஆன்டி, இந்த கனெக்‌ஷன் கண்டிப்பா கிடைக்காது, ரெண்டு ஏர்போர்ட்டும் ரொம்ப தூரம்னு சொன்னேன். அதுக்கும் ஒரு நாள் முன்னாடியே வர்ற மாதிரி வேற ஒண்ணு காட்டினேன், அதே விலைதான். அவங்க அதைப் பார்க்கவே இல்ல. 'பரவால்ல, இதையே போடும்மா'ன்னாங்க. உங்க பேமிலி விஷயம், நான் என்ன சொல்றது அங்கிள்?"

பிறகு எனக்கு ஒரு கோப்பை மைலோ வாங்கிக் கொடுத்தது. என் முகம் அப்படி இருந்திருக்கும்போல.

உங்கள் விமானத்திலும் இடம் இருந்ததாம்.

விஷ்ணுவுக்கு நான் எது அனுப்பினாலும் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. என் மேல் கோபத்தில் என் நம்பரை அடைத்துவிட்டாள் என்று நினைத்து ராத்திரியெல்லாம் அழுதிருக்கிறேன். அடைத்தது அவளா, கல்யாணத்தன்று போனை வைத்திருந்த நீயா? வேறு நம்பரிலிருந்து கூப்பிட எனக்குத் தெரியும். ஆனால் தாலி கட்டி மூன்று மாதம் ஆகாத பிள்ளையிடம், உன் அம்மா இப்படிப்பட்டவள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அது உனக்குத் தெரியும். அதை நம்பித்தானே செய்தாய்?

வராதே என்று ஒரு வரி எழுதியிருந்தால் வராமல் இருந்திருப்பேன். வா என்று கூப்பிட்டு, நாலு நாடு ஓடவிட்டு, என்னிடமே மன்னிப்பும் வாங்கிக்கொண்டாய். மற்றதெல்லாம் ஆறிவிடும், இந்தக் கடைசிதான் ஆறமாட்டேன் என்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மாமா வராமல் இருந்ததற்கு மாமா காரணம் இல்லை என்று அவளிடம் நீயே சொல்லிவிடு. உன் பெயரைக் காப்பாற்ற எந்தப் பொய் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள். நான் மறுக்கமாட்டேன்.

கமலநாதன்


பங்சார்,
3.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். இவரிடம் உங்கள் கடிதத்தைக் காட்டவில்லை. நெஞ்சுக்காரரை எதற்கு வருத்துவது?

கடைப் பெண்கள் ஆயிரம் சொல்வார்கள். நான் மலிவாக, நல்லதாகப் பார்த்துத்தான் போட்டேன். உங்களுக்கு ஓடத் தெரியவில்லை. ஜெயராஜ் குடும்ப நண்பர். குடும்பத்துக்கு எடுத்த துணியில் அவருக்கும் எடுத்தோம். அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். அந்தச் சபையில் எல்லாம் ஸ்பெஷலிஸ்டுகள். நீங்கள் சேலையைத் தலையில் சுற்றிக்கொண்டு விமானத்தில் வந்த கதையை அவர்கள் முன்னால் உரக்கச் சொல்லியிருப்பீர்கள், சிரித்திருப்பார்கள், பெண் காலம் முழுக்க அந்த வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். கடவுள் செயலாக அது நடக்கவில்லை. விஷ்ணு இப்போது சந்தோஷமாக இருக்கிறாள். உங்களைப் பற்றி அவள் பேசுவதில்லை. அதை ஏன் கிளற வேண்டும்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இனி எழுத வேண்டிய அவசியம் இருக்காது என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
உஷாராணி வேலாயுதம்


பங்சார்,
3.2.2025

அண்ணே,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. சீனப் பெருநாளுக்கு முதல் நாள் காலையில் இவர் போய்விட்டார். குளியலறைக் கதவை உடைத்துத்தான் எடுத்தார்கள்.

நீங்கள் வந்ததாகக் காவல்காரர் சொன்னார். கேட்டுக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்களாம். வண்டி கிளம்பியதும் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டீர்களாம். உள்ளே வந்திருக்கலாமே அண்ணே.

பன்னிரண்டாம் தேதி, தைப்பூசத்துக்கு மறுநாள், பதினாறாம் நாள் காரியம். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வேண்டும். காலை பத்து மணிக்குள் கோடி போட்டு முடித்துவிட வேண்டும் என்கிறார் காரியம் செய்யும் பண்டாரம். ஜெயராஜிடம் கேட்டேன். "கல்யாணத்துக்கு நின்னேன் சிஸ்டர், அது சந்தோஷ விஷயம். கோடி போடுறது கூடப் பொறந்தவங்க செய்யுறதாச்சே. என் வைஃப் ஒத்துக்கவே மாட்டா" என்றார். இன்னும் இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டேன். மாலை போட ஆயிரம் பேர் வருகிறார்கள் அண்ணே. கோடி போட ஒருத்தரும் வரவில்லை.

சம்பந்தி வீட்டார் எல்லோரும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். பிறந்த வீட்டில் நாதி இல்லாதவள் மாதிரி நான் அந்தச் சபையில் வெறும் தோளோடு உட்கார முடியாது. விஷ்ணு வந்திருக்கிறாள். "மாமா வருவாங்கதானே?" என்று கேட்டாள். வருவார் என்று சொல்லியிருக்கிறேன்.

சத்தியத்தை விட்டுவிட்டு நேற்று மூன்று தடவை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. தப்புத்தான் அண்ணே. எல்லாம் தப்புத்தான். வந்துவிடுங்கள்.

தங்கச்சி,
உஷா


கிள்ளான்,
6.2.2025

அன்புள்ள தங்கைக்கு,

கால் ஒரு மாதிரி இருக்கிறது. மாப்பிள்ளை நல்ல இடத்துக்குப் போயிருப்பார். வாய்ச் சண்டையைத் தவிர அவருக்கும் எனக்கும் ஒன்றுமில்லை. அதனால்தான் வந்து நின்றேன். உள்ளே வர எனக்கு டிக்கெட் இல்லை என்று நினைத்தேன்.

நீ போன் செய்ததைப் பார்த்தேன். போன் பேச்சில் சேரும் என்று குருக்கள் சொன்னது ஞாபகம் வந்தது. உன் சத்தியத்தை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

கோடிச் சேலை எடுத்துவிட்டேன். அரக்குப் பட்டை அல்ல. அது விஷ்ணுவுடையது, என் காலத்துக்குப் பிறகு அவளுக்குப் போகும். உனக்கு வெள்ளை. நல்ல ரகம்தான். பிறந்த வீட்டுச் சீரில் குறை வைத்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

பயணத்துக்கு மலிவாக, நல்லதாகப் பார்த்துப் போட்டிருக்கிறேன். பன்னிரண்டாம் தேதி காலை கிள்ளானில் கொம்யூட்டர் ரயில் ஏறுகிறேன். ரயில் கேஎல் சென்ட்ரலில் நிற்கும். அங்கிருந்து பங்சார் கூப்பிடு தூரம், பத்து மணிக்கு முன்பே வந்துவிடலாம். நான் இறங்கமாட்டேன். நேரே சுங்கை பூலோ போகிறேன். அங்கிருந்து பஸ் பிடித்துச் செலாயாங். செலாயாங் மார்க்கெட்டில் ஒரு டீ. காத்திருக்கும் நேரம் உடம்புக்கு நல்லது. காலை நீட்டி உட்காரலாம். பிறகு இன்னொரு பஸ்ஸில் நகரத்துக்கு வந்து, பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்து, ஹுமைராவிடம் ஒரு மைலோ கடன் இருக்கிறது, அதைத் தீர்த்துவிட்டு, சாயங்காலம் உன் வாசலுக்கு வருவேன். இந்த வயதில் ஒரே நாளில் இத்தனை ஊர் பார்க்க யாருக்குக் கொடுத்து வைக்கும்?

அந்த நேரத்தில் சபை கலைந்திருக்கும். பந்தலைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். வாசலை யாராவது கழுவிக்கொண்டிருந்தால், நான் உள்ளே வரும்வரை தண்ணீரை நிறுத்தச் சொல்லு.

உஷா, இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இல்லை. சந்தோஷமாக இருக்கும் என்று ஐந்து மாதமாக நினைத்திருந்தேன். ஆனாலும் இறங்கமாட்டேன்.

பத்து மணிக்கு விஷ்ணு வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். மாமா ஏன் வரவில்லை என்று கேட்பாள். வயதானவர், பயணம் பழக்கமில்லை என்று சொல்லிவிடு. முன்பு சொன்னபோது நம்பினாளே.

இப்படிக்கு,
கமலநாதன்